நூற்று அறுபத்து மூன்று பெல்ட்டுகள்

பை தொழிற்சாலையில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். துணி வெட்டும் மேசையில் பதினாறு வருஷம் நின்றவள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவள் வாய். மேனேஜரே ஆனாலும் தப்பு என்று பட்டால் நறுக்கென்று சொல்லிவிடுவாள். வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. புருஷனே சமயத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் லாரி மெக்கானிக். ஆறடி உயரம், எண்பத்தாறு கிலோ எடை. நாற்பத்து நான்காவது வயதில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்துக்கொண்டது. இடது கையும் இடது காலும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த முதல் வாரமே கத்தரிக்கு ஒன்று புரிந்துபோயிற்று. மருந்து கொடுப்பதும் சோறு ஊட்டுவதும் ஒரு வேலையே இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை மாற்றுகிற அந்தப் பத்து விநாடிதான் வேலை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினால் அவருக்குத் தோளில் உயிர் போகிற வலி. சட்டையைப் பிடித்துத் தூக்கினால் பொத்தான் தெறித்தது. தோல் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது வயிற்றை அறுத்தது.

"பட்டறையில இருந்து கிரேனைக் கொண்டுவரச் சொல்லு," என்றார் மெக்கானிக். வாய் கோணிப்போயிருந்தாலும் நக்கல் மட்டும் நேராகத்தான் வந்தது.

பத்துக் கிலோ புத்தகம் சுமக்கிற பைக்குக் கைப்பிடியை எங்கே தைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவளுக்கு, ஒரு மனுஷனுக்குக் கைப்பிடி தைக்க எத்தனை நாள் ஆகும்? ஐந்து மாதம் ஆயிற்று. முதலில் தைத்த பெல்ட் தூக்கும்போது நெஞ்சு வரை ஏறிவந்தது. இரண்டாவதில் கைப்பிடிகள் அவளுடைய உயரத்துக்குத் தோதாக இல்லை. மூன்றாவதில் உள்ளே வைத்த ஃபோம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. ஏழாவது பெல்ட்தான் உட்கார்ந்தது. கையகல நாடா, உள்ளே மெத்தென்ற துணி, முன்னும் பின்னும் பக்கங்களிலுமாக ஐந்து கைப்பிடிகள், வயிற்றருகே பூட்ட ஒரு பிளாஸ்டிக் பக்கிள். அதைப் போட்டு அவள் ஒருத்தியாகவே அவரை எழுப்பி நிறுத்திய அன்று, இரண்டு பேரும் அப்படியே கட்டிப்பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். "நடனமாடறோம்னு பக்கத்து வீட்ல நினைக்கப் போறாங்க," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிறவர்களுக்கு நான்கு கேட்டார். நான்கு பதினைந்தாயிற்று. மெக்கானிக்கின் தங்கை, கத்தரியின் நாத்தனார், ஒரு கம்பெனியில் நாள் முழுக்க போனில் பேசுகிற வேலையில் இருந்தாள். அவள்தான் லீவு போட்டு உட்கார்ந்து ஒரு வெப்சைட் போட்டாள். அண்ணனையே மாடலாக நிற்க வைத்துப் படம் எடுத்தாள். ஆர்டர் போடுகிறவர் நோயாளியின் உயரம், எடை, இடுப்பளவு எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று வைத்தாள். ஆறே மாதத்தில் ஊர் ஊராகப் பார்சல் போகத் தொடங்கியதும், இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்கே வந்துவிட்டாள். வாசல் பக்கத்து அறையில் ஒரு தையல்காரர் வந்து உட்கார்ந்தார். எந்தத் துணியைக் கொடுத்தாலும், "ஒரு தையல் போதாது தங்கச்சி, ரெண்டா ஓட்டிடறேன்," என்பார். அதனால் அவருக்கு இரட்டைத் தையல் என்று பெயர்.

கத்தரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாடாவோ நூலோ பக்கிளோ, எது புதிதாக வந்து இறங்கினாலும் அதில் இரண்டு பெல்ட் தைப்பாள். மாடிப்படிக்குக் கீழே ஓடும் இரும்பு உத்தரத்தில் அவற்றை மாட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று மணல் மூட்டை, நூற்று இருபது கிலோ, தொங்கவிடுவாள். ஒரு நாள் முழுக்கத் தொங்க வேண்டும். இறக்கும்போது தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும் வந்த சரக்கு திரும்பிப் போய்விடும்.

ஒரே ஒரு தடவை அப்படிச் செய்யவில்லை.

மெக்கானிக்குக்குக் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. வழக்கமாக பக்கிள் தருகிற கடையில் சரக்கில்லை. நாற்பது ஆர்டர் காத்துக்கிடந்தது. நாத்தனார் எங்கெங்கோ விசாரித்து வேறோர் இடத்திலிருந்து ஒரு பெட்டி பக்கிள் வரவழைத்திருந்தாள். அதே கறுப்பு, அதே அளவு, பூட்டும்போது அதே சத்தம். துணி மாற்ற ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்த கத்தரி, நின்றபடியே ஒரு பக்கிளை எடுத்துப் பூட்டி இழுத்துப் பார்த்தாள். தரையில் போட்டுக் காலால் மிதித்துப் பார்த்தாள்.

"மூட்டை தொங்கவிடணுமா அண்ணி?"

"இப்ப எங்க நேரம்? நல்லாத்தான் இருக்கு. சரி, போடு."

அந்தப் பெட்டியிலிருந்து தைத்து அனுப்பியவை நூற்று அறுபத்து மூன்று.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனார் போனைப் பார்த்தாள். பார்த்தவள் ஒட்டுவதை நிறுத்தினாள். வந்திருந்த செய்தியை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. போனை அப்படியே அண்ணியிடம் நீட்டினாள்.

"நேற்று அம்மாவைத் தூக்கும்போது உங்கள் பக்கிள் உடைந்துவிட்டது. கட்டில் மேலேயே விழுந்ததால் தப்பித்தார். தரையில் விழுந்திருந்தால்? இதைச் செய்கிறவர்கள் வீட்டில் நோயாளிகளே இல்லையா?"

கீழே ஒரு படம். கத்தரி அதை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். பக்கிள் இரண்டாகப் பிளந்திருந்தது. வெளியே கறுப்பு, உடைந்த இடத்தில் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு.

"ஒருத்தர்தானே அண்ணி சொல்லியிருக்காங்க," என்றாள் நாத்தனார். "கதவுல கிதவுல மாட்டி நசுங்கியிருக்கும். வேற ஒண்ணு அனுப்பி மன்னிப்புக் கேட்டுடலாம்."

கத்தரி தட்டில் இருந்த, அதே பெட்டி பக்கிள் வைத்த புது பெல்ட்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். நான்கு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அன்று மத்தியானம் செய்தாள்.

சனி மத்தியானம் தொங்கவிட்டது ஞாயிறு மத்தியானமும் தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகள் அசையக்கூட இல்லை. பக்கிளில் ஒரு கீறல் இல்லை. நாத்தனாருக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? ராத்திரி பூரா தூங்க விடலை நீங்க."

கத்தரிக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "இது புதுசு. பெட்டியில இருந்து எடுத்தது. அவங்ககிட்ட இருக்கறது நாலு மாசம் புழங்கினது. நாலு மாசத்துல அதுக்கு என்ன ஆயிருக்கும்?"

இருவரையும் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்தான் மெதுவாகச் சொன்னார். "என் பெல்ட்டை நீ எப்படித் துவைக்கற?"

"எப்படின்னா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில ப்ளீச்சிங் பவுடரைப் போட்டு…" பாதியில் நிறுத்தினாள்.

"எல்லா வீட்லயும் படுத்திருக்கிறவங்க துணியை அப்படித்தான் துவைப்பாங்க. அப்புறம் வெயில்ல போடுவாங்க. என்னோடதுல பழைய பக்கிள், தாங்குது. புதுசை வேக வச்சுப் பாரு."

வேக வைத்தார்கள். அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்து, பவுடர் போட்டு, இரண்டு பெல்ட்டையும் முக்கி எடுத்து, தகரக் கூரை மேல் காயப் போட்டு, மறுபடி முக்கி. வீடெல்லாம் நீச்சல் குளத்து நாற்றம். ஞாயிறு வெயில் இறங்கும்வரை ஏழு முறை. திங்கள் காலை மூன்று முறை. பத்து மணிக்கு முதல் பெல்ட்டை உத்தரத்தில் மாட்டி மூட்டைகளைக் கோத்தாள். ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நாத்தனார் படியில் நின்றாள். இரட்டைத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார், ஆனால் ஓட்டவில்லை.

ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பதினோராவது நிமிஷத்தில் குச்சி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு கேட்டது சின்னதாக இல்லை. மூன்று மூட்டையும் தரையில் இறங்கியதில் சுவர் அதிர்ந்து, அலமாரியில் இருந்த நூல்கண்டுகள் உருண்டன. பக்கிளின் பாதி எகிறிப் போய் மிஷினுக்கு அடியில் விழுந்தது.

இரண்டாவது பெல்ட் பதினோரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது மூட்டையை மாட்டும்போதே போய்விட்டது.

இரட்டைத் தையல் குனிந்து அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் ஒண்ணும் ஆகலை தங்கச்சி," என்றார், அதைச் சொல்வதற்கே கூச்சப்பட்டவர் போல.

"சைட்டை மூடு," என்றாள் கத்தரி.

"மூடறேன் அண்ணி. ஆனா போனது? நூத்தி அறுபத்து மூணு போயிருக்கே?"

"ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணணும்."

"நாமளே கூப்பிட்டு எங்க பெல்ட் உடையும்னு சொல்றதா? அதுக்கப்புறம் யார் நம்மகிட்ட வாங்குவா?" நாத்தனாரின் குரல் ஏறியது. "ஒரு மெயில் போடலாம். புது மாடல் வந்திருக்கு, பழசைக் கொடுத்துட்டு இலவசமா மாத்திக்குங்கன்னு. விஷயமும் போய்ச் சேரும், பேரும் கெடாது."

"புது மாடல்னா எவன் அவசரமா கழட்டுவான்? ஆகட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருப்பான். உடையும்னு சொன்னாத்தான் இன்னைக்கே கழட்டுவான்."

"இதுக்காக இருந்த வேலையை விட்டுட்டு வந்தேன் அண்ணி." சொல்லிவிட்டு நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிச்சு வாங்கினது நான்தானே. என் மேல கோவமா?"

"வாங்கினது நீ. சரி போடுன்னு சொன்ன வாய் யாரோடது?"

நாத்தனார் பட்டியலை மூன்று தாளாக அச்செடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தாள் தனக்கு, ஒன்று அண்ணிக்கு. மூன்றாவதை என்ன செய்வது என்று நின்றபோது, மெக்கானிக் வலது கையை நீட்டினார்.

சொல்ல வேண்டியதைக் கத்தரி எழுதிக் கொடுத்தாள். மூன்றே வாக்கியம். பக்கிள் உடையலாம். இப்போதே கழற்றிவிடுங்கள். மாற்றும்வரை அதைப் போட்டுத் தூக்காதீர்கள். அதற்கு மேல் யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்வது.

கேட்டவர்கள் பல விதம். ஒருவர் அரை மணி நேரம் திட்டினார். நாத்தனார் பழைய வேலையில் கற்ற பொறுமையெல்லாம் சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். ஒருவர், "அட, இதுக்குப் போய் போன் பண்றீங்களா, நான் அதுல ஃபிரிட்ஜையே தூக்கினேன்," என்று சிரித்தார். அவரைக் கழற்ற வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பெண், "அப்பா போன மாசம் இறந்துட்டாருங்க. பெல்ட் பீரோவுல இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை," என்றாள். கத்தரிக்கு எழுதி வைத்த மூன்று வாக்கியத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மெக்கானிக் பேசியவர்கள்தான் சீக்கிரம் நம்பினார்கள். அவருடைய குழறலைக் கேட்டதும் எதிர்ப்பக்கத்தில் சத்தம் தணிந்துவிடும். "நானும் இந்த பெல்ட்லதாங்க எந்திரிக்கறேன்," என்பார். "என் பொண்டாட்டி செஞ்சது. தப்பு நடந்துபோச்சு. கழட்டிடுங்க." இரண்டு தடவை சொன்னால்தான் புரியும் என்பதால் இரண்டு தடவையும் சலிக்காமல் சொன்னார். அவர் உடம்பு விழுந்த பிறகு ஒரே நாளில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

செவ்வாய் மத்தியானத்துக்குள் நூற்று அறுபத்திரண்டு பெயர் அடிக்கப்பட்டுவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம். திங்கள்கிழமை அந்த எண் மணியடித்து மணியடித்து நின்றது. செவ்வாய் காலையிலிருந்து போன் அணைந்திருந்தது. செய்தி அனுப்பினால் போய்ச் சேரவில்லை.

நாத்தனார் ஆர்டரைத் திறந்தாள். அந்தப் பெட்டி பக்கிளில் தைத்து அனுப்பிய முதல் வாரத்து ஆர்டர். நான்கு மாதம் முழுக்க வெந்து காய்ந்த பெல்ட். நோயாளியின் எடை என்ற இடத்தில் தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது. தூக்குபவர்: கணவர், வயது அறுபத்தேழு.

விலாசம் இதே ஊர்தான், மறுகோடி.

கத்தரி செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். வெறுங்கையோடு போய்க் கழற்றச் சொன்னால் அந்த அம்மாவை அவர் எப்படித் தூக்குவார்? வீட்டில் பழைய பக்கிளோடு இருப்பது ஒரே ஒரு பெல்ட். அது கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது.

"எடுத்துட்டுப் போ," என்றார் மெக்கானிக், அவள் கேட்கும் முன்பே. "சாயங்காலம் வரைக்கும் நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரர் யாரோடோ பேசிக்கொண்டே ஓட்டினார். இறங்கினால் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்காவது மாடி ஏறி வந்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. மணியை மட்டும் அழுத்திப் பிடித்தாள்.

உள்கதவு திறந்தது. வெளியே இரும்புக் கம்பிக் கதவு பூட்டியபடியே இருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஒருவர். சுவரில் கறுப்புப் பலகை, அதில் பாதி அழித்த கணக்கு. டியூஷன் எடுக்கிற வாத்தியார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்ன வேணும்?"

"சார், பெல்ட் கம்பெனியில இருந்து…"

"பெல்ட் ஏற்கெனவே வாங்கியாச்சு. வேணாம்."

"விக்க வரலை சார். நீங்க வாங்கின பெல்ட்ல பக்கிள் சரியில்லை. உடையும். நேத்துல இருந்து போன் பண்றோம்."

"தெரியாத நம்பரை எல்லாம் நான் எடுக்கறதில்லை. லோன் வேணுமான்னு கேட்டு உயிரை எடுக்கறானுங்க. அதான் அணைச்சு வச்சுட்டேன்." அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்கும்மா கதை. முதல்ல உடையும்பீங்க. அப்புறம் ஓ.டி.பி. சொல்லும்பீங்க."

"ஒண்ணும் வேணாம் சார். அதை மட்டும் கழட்டுங்க. இதோ, வேற கொண்டு வந்திருக்கேன்."

அப்போது உள்ளே இருந்து ஒரு பெண் குரல். "என்னங்க, சீக்கிரம் வாங்க. அவசரம்."

வாத்தியார் திரும்பினார். அவர் நகர்ந்ததும் கத்தரிக்கு உள்ளறை முழுசாகத் தெரிந்தது. கட்டிலின் விளிம்பில் கனத்த உடம்போடு ஒரு அம்மா, கால் இரண்டும் தரையில். இடுப்பில் நீல பெல்ட், பூட்டித் தயாராக. அதன் ஐந்து கைப்பிடிகளும் கத்தரி தன் கையால் வெட்டித் தைக்கக் கொடுத்தவை.

"இரும்மா. அவளைப் பாத்ரூம்ல விட்டுட்டு வந்து பேசறேன்."

"சார், தூக்காதீங்க! சார்!"

"நாலு மாசமா தூக்கறேன். எனக்குத் தெரியாததா?"

அவர் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தார். அந்த அம்மா முன்னால் சாய்ந்து எழுந்தாள். முழுசாக எழுந்துகூட விட்டாள். ஒரு விநாடி எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, மாடிப்படிக்குக் கீழே கேட்ட அதே சின்னச் சத்தம்.

பெல்ட் வாத்தியாரின் கையோடு வந்துவிட்டது. அந்த அம்மாவின் வலது முழங்கால் மடிந்தது. அவர் பெல்ட்டை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்து மேலே இழுக்கப் பார்த்தார். அவருடைய காலே வழுக்கியது. பின்னால் கட்டிலின் இரும்புக் கால் இருந்தது.

கத்தரி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு சத்தம் போட்டதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்குள் போகக்கூடியது அவள் குரல் மட்டும்தான்.

"மேல இழுக்காதீங்க! உங்க முட்டியை அவங்க முட்டிக்கு முன்னாடி வைங்க! முட்டுக் கொடுங்க! ஆங், அப்படித்தான்! இப்ப கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போங்க. கட்டிப்பிடிங்க. இறுக்கி! அம்மா, நீங்க அவர் கழுத்தைப் பிடிக்காதீங்க, தோள் மேல தலையை வைங்க! சார், இனிமே தூக்கப் பார்க்காதீங்க. கீழ விடுங்க. உங்க தொடை மேல சறுக்கி வரட்டும். மெதுவா. நீங்களும் கூடவே உக்காருங்க. மெதுவா… மெதுவா… தலையைப் பாத்துக்குங்க… அவ்வளவுதான். விட்டுடுங்க."

இருவரும் தரையில் இருந்தார்கள். அந்த அம்மா அவர் மடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தாள். தரையெல்லாம் நனைந்திருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள், வலியால் அல்ல. அடி எதுவும் படவில்லை.

வாத்தியார் எழுந்து வந்து பூட்டைத் திறக்கப் பார்த்தார். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. கத்தரி கம்பி வழியாக விரலை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, கையை வளைத்துத் தானே திறந்துகொண்டு உள்ளே போனாள்.

முதலில் ஒரு துண்டை எடுத்து அந்த அம்மாவைத் துடைத்தாள். "வேணாம்மா, நீ யாரோ…" என்று அந்த அம்மா அவள் கையைத் தடுத்தாள். "எங்க வீட்ல தினம் நடக்கறதுதாம்மா," என்றாள் கத்தரி. ஒரு குட்டை நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, மெக்கானிக்கின் பெல்ட்டைக் கட்டி, முதலில் மண்டியிட வைத்து, பிறகு நாற்காலிக்கு, பிறகு கட்டிலுக்கு. அவருக்கும் எங்கே பிடிப்பது, எப்போது எண்ணித் தூக்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் அப்படியே செய்தார். மனைவி சாய்ந்து கண்ணை மூடிய பிறகுதான் முன்னறைக்கு வந்து கேட்டார்.

"இது நீங்க செஞ்ச பொருளா?"

"ஆமா சார்."

"சோதிச்சுப் பாக்கறதில்லையா?"

"எப்பவும் பாப்பேன். இதை மட்டும் பாக்கலை."

"அவ செத்திருப்பா."

"ஆமா."

மேனேஜரையே மடக்கியவள், அந்த மனிதரின் எதிரில் ஈரத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கதவைக் காட்டினார். பெல்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, உடைந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடிக்கு வந்தபோது நின்றாள். படியிலேயே உட்கார்ந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுது," என்றாள். "உன் அண்ணனைத் தூக்கறதுக்கு என்ன பண்றீங்க?"

"நானும் தையல்காரரும் சேர்ந்து தூக்கி உக்கார வச்சோம் அண்ணி. ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சு. நீங்க வாங்க."

கடை பதினொரு வாரம் மூடிக் கிடந்தது. வெப்சைட்டின் முதல் பக்கத்தில், நடந்ததைக் கத்தரியே எழுதிப் போட்டாள். எந்த மாதம் அனுப்பியவை, எப்படி உடையும், யார் சோதிக்காமல் விட்டது என்பது உட்பட. திரும்பி வந்த பெல்ட்டுகள் வாசல் அறையில் குவிந்தன. பிளாஸ்டிக்கே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று மறுபடி மேசையில் உட்கார்ந்தாள். நாடாவை இரண்டு எஃகு வளையத்தில் நுழைத்துத் திருப்பி இழுக்கிற முறை. இழுக்க இழுக்க இறுகும், உடைய எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கையால் கழற்ற வராது. மெக்கானிக் வலது கையால் முயன்று முயன்று, "இது பெல்ட் இல்லை, ஜெயில்," என்றார். நாடாவின் நுனியில் ஒரு பிடி வைத்துத் தைத்த பிறகு வந்தது. முப்பது தடவை வேக வைத்துத் தொங்கவிட்டாள். மூன்று நாள் தொங்கியது.

வாங்கியவர்களில் பாதிக்கு மேல் புது பெல்ட்டை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பிசியோதெரபி அம்மா ஆறு மாதத்துக்கு யாருக்கும் அந்த பெல்ட்டைச் சிபாரிசு செய்யவில்லை. "என்னை நம்பி வாங்கறாங்கம்மா," என்றார். கத்தரிக்கு அதில் வருத்தமில்லை. கணக்கு வாத்தியார் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நீளமாக ஒரு விமர்சனம் போட்டார். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, ஒவ்வொரு தவறாக. "மெயில் போட்டு எடுக்கச் சொல்லட்டுமா?" என்று நாத்தனார் கேட்டாள். "அதுல எது பொய்?" என்றாள் கத்தரி. அவர் எழுதியதன் கீழே, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, என்று ஒரு வரி எழுதினாள். அது இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது.

கடையைத் திரும்பத் திறந்த நாள் மூன்று பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வரை ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மணி வரை ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. தூரத்து ஊரிலிருந்து ஒரு நடுவயது ஆள். அண்ணன் விபத்தில் அடிபட்டுப் படுத்திருக்கிறாராம்.

"நீங்க போட்டிருக்கறதை எல்லாம் படிச்சேன். இப்ப உடையாதுல்ல?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ஆமாம் என்று சொல்லும்படி.

"உடையவே உடையாதுன்னு சொல்ல மாட்டேங்க," என்றாள் கத்தரி. "எப்படிச் சோதிச்சேன்னு சொல்றேன். வாராவாரம் நீங்க எங்க பாக்கணும்னும் சொல்றேன். நூல் ஒண்ணு பிரிஞ்சிருந்தாக்கூட போடக் கூடாது. எனக்குப் போன் பண்ணணும். இதெல்லாம் செய்ய முடியும்னா வாங்குங்க."

அந்தப் பக்கம் யாரோடோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. நாத்தனார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணனோட இடுப்பளவு எங்க எடுக்கணும்? தொப்புளுக்கு மேலயா, கீழயா?"

"மேல," என்றாள் கத்தரி. "உக்கார வச்சு எடுங்க. படுத்திருக்கும்போது எடுத்தா சரியா வராது."

அன்றைக்கு வந்தது அந்த ஒரு ஆர்டர்தான்.